தலை மட்டும் கிடைக்கவில்லை

"அக்கா, முகத்துக்கு ஏதாவது படம் இருந்தால் அனுப்புங்கள்" என்று ஓவியர் தொலைபேசியில் கேட்டபோது, அதை ஐந்து நிமிட வேலை என்றுதான் நினைத்தேன். இந்தியாவில் கிடைத்த தொல்லுயிர்களைப் பற்றிப் பள்ளிச் சிறுவர்களுக்காக ஒரு படத்தொகுப்பு தயாராகிக்கொண்டிருந்தது. வாசகங்கள் என் பொறுப்பு, படங்கள் அவர் பொறுப்பு. பராபாசாரஸ் என்ற டைனோசரின் பக்கத்துக்கு நான் எழுதிக் கொடுத்திருந்த எட்டு வரிகளில் மூன்றாவது வரி இது: "நீண்ட கழுத்தின் நுனியில் சிறிய தலை, அதில் சாந்தமான கண்கள்." எழுதிய நாளில் அந்த வரியைப் பல முறை படித்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டிருக்கிறேன். ஓவியர் அதற்குள் உடலையும் நான்கு கால்களையும் வாலையும் பென்சிலில் போட்டு முடித்திருந்தார். கழுத்து மேலே ஏறிப் போய் ஓரிடத்தில் நின்றிருந்தது. அதற்கு அப்பால் வெறும் வெள்ளைத்தாள். "இடுப்பு, தொடை, முதுகு எல்லாவற்றுக்கும் எலும்பு வரைபடம் கிடைத்துவிட்டது. மண்டையோட்டுக்கு மட்டும் எங்கே தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. நீங்கள் எதைப் பார்த்து எழுதினீர்கள் அக்கா?"

எதைப் பார்த்து எழுதினேன்? அன்று மாலை முழுவதும் அதைத்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். ஒரு வண்ணப்படத்தைப் பார்த்து எழுதியிருக்கிறேன். அந்த ஓவியத்தை வரைந்தவர் வேறொரு ஓவியத்தைப் பார்த்து வரைந்திருக்கலாம். மறுபடியும் தேடி எடுத்து, கண்ணில் பட்ட பராபாசாரஸ் படங்களையெல்லாம் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்றில் முகம் மழுங்கிக் குட்டையாக இருந்தது. இன்னொன்றில் குதிரையின் முகம்போல நீண்டிருந்தது. மற்றொன்றில் மூக்குக்கு மேலே ஒரு மேடு. கால்கள் எல்லாப் படங்களிலும் ஒன்றுபோலவே இருந்தன, முதுகும் அப்படியே. கழுத்து முடியும் இடத்தில்தான் ஒவ்வொருவரும் அவரவர் வழியில் போயிருந்தார்கள். அப்போதே எனக்குப் புரிந்திருக்க வேண்டும். அடுத்த நாள் எலும்புகளின் விவரங்களைத் தேடிப் படித்த பிறகுதான் புரிந்தது: சுமார் 300 எலும்புகள், குறைந்தது ஆறு விலங்குகள். தொடக்க கால நீள்கழுத்து டைனோசர்களில் இத்தனை எலும்புகள் கிடைத்தவை மிகச் சில. அந்த 300-ல் மண்டையோடு ஒன்றுகூட இல்லை. கழுத்தின் முன்பகுதி முள்ளெலும்புகளும் இல்லை. தலையைச் சேர்ந்தவை என்று சொல்ல மூன்று தனிப் பற்கள் மட்டும் இருந்தன.

ஆறு விலங்குகள் ஓரிடத்தில் விழுந்து கிடக்கின்றன. ஆறில் ஒன்றின் தலையாவது இருக்க வேண்டாமா? சாந்தமான கண்கள் என்ற என் வரி அந்த நிமிடமே அடிபட்டுப் போயிற்று. ஆனால் இந்தக் கேள்வி மட்டும் என்னை விடவில்லை.

காலைப் பார்த்து வைத்த பெயர்

அந்த எலும்புகள் கிடைத்த ஊரின் பெயர் போச்சம்பள்ளி. பட்டுப் புடவைக்குப் பேர்போன தெலங்கானா போச்சம்பள்ளி இல்லை, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்துப் போச்சம்பள்ளியும் இல்லை. இது மகாராஷ்டிரத்தின் கிழக்குக் கோடியில், கட்சிரோலி மாவட்டத்தின் சிரோஞ்சா வட்டத்தில் இருக்கும் சிற்றூர். வார்தாவும் வைன்கங்காவும் சேர்ந்து பிராணஹிதா என்ற பெயரில் இறங்கி வந்து, சிரோஞ்சாவுக்கு அருகே கோதாவரியில் கலக்கின்றன. அந்தப் பள்ளத்தாக்கில் கோட்டா படிவம் என்று நிலவியலாளர்கள் அழைக்கும் பாறையடுக்கு ஒன்று உண்டு. அதன் சுண்ணாம்புப் பாறைகளில் மீன்களின் புதைபடிவங்கள் கிடைப்பது 19-ஆம் நூற்றாண்டிலேயே தெரிந்திருந்தது. பெரிய எலும்புகள் தென்பட்டது 1958-ல். முறையான அகழ்வு 1960-லும் 1961-லும் நடந்தது.

தோண்டியவர்கள் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைச் சேர்ந்தவர்கள். புள்ளிவிவரம் படிக்கும் இடத்தில் டைனோசருக்கு என்ன வேலை என்று எனக்கும் முதலில் வியப்பாகத்தான் இருந்தது. நிறுவனத்தைத் தொடங்கிய பிரசாந்த சந்திர மகலநோபிஸ், எண்ணி அளந்து ஒப்பிடக்கூடிய எதையும் தன் வீட்டுக்குள் சேர்த்துக்கொள்ளும் மனம் படைத்தவர். அவருடைய அழைப்பின் பேரில் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜிலிருந்து பமீலா ராபின்சன் என்ற தொல்லுயிரியலாளர் வந்து இங்கே நிலவியல் ஆய்வுப் பிரிவை உருவாக்கினார். பல ஆண்டுகள் கழித்து, 2007-ல், இதே கோதாவரிப் பள்ளத்தாக்கில் கிடைத்த இன்னொரு தாவர உண்ணிக்கு லாம்ப்ளூசௌரா என்று பெயர் வைத்தார்கள். லாம்ப்ளூ என்பது பமீலாவின் நடுப்பெயர். தோண்டக் கற்றுக்கொடுத்தவரின் பெயரை, தோண்டி எடுத்த ஒன்றுக்கே வைத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

எலும்புகள் வெளியே வந்துவிட்டன என்பதற்காக விலங்கு உடனே பிறந்துவிடுவதில்லை. ஒட்டியிருக்கும் பாறையைக் கொத்தி நீக்கி, உடைந்தவற்றைச் சேர்த்து, எது எந்த விலங்கின் எந்தப் பக்கம் என்று பிரித்து, உலகத்தில் ஏற்கெனவே தெரிந்தவற்றோடு ஒப்பிட வேண்டும். ஜெயின், குட்டி, ராய் சவுத்ரி, சங்கர் சாட்டர்ஜி ஆகிய நால்வர் பராபாசாரஸை அறிவியல் உலகுக்கு முறைப்படி அறிமுகம் செய்தது 1975-ல். ஒவ்வோர் எலும்பையும் விரிவாக விவரிக்கும் ஆய்வு 2010-ல் வந்தது. அகழ்வு முடிந்து ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள். நானோ ஒரே பிற்பகலில் எட்டு வரி எழுதி, அதில் ஒரு வரியைக் கண்களுக்குக் கொடுத்திருந்தேன்.

பெயரைப் பாருங்கள். வங்காளத்தில் 'பர' என்றால் பெரியது. 'பா' என்றால் கால். நம் 'பாதம்' என்ற சொல்லுக்கு உறவு. 'சாரஸ்' என்பது பல்லியைக் குறிக்கும் கிரேக்கச் சொல். பெரிய கால் பல்லி. முழுப்பெயர் பராபாசாரஸ் டாகோரை; அந்தப் பின்பாதி ரவீந்திரநாத் தாகூருக்கு. அகழ்வு நடந்த 1961 அவருடைய நூற்றாண்டு. மகலநோபிஸ் தாகூருக்கு மிக நெருக்கமானவர், விஸ்வபாரதியின் செயலாளராகவும் இருந்தவர் என்பதை அறிந்தவர்களுக்கு அந்தப் பெயரின் பாசம் விளங்கும். இந்தியாவின் பழைய பூமியில் கிடைத்ததற்கு இந்திய மொழிச் சொல்லை முன்னால் வைத்தது அந்தக் காலத்தில் சின்னக் காரியம் இல்லை. இந்தப் பெயரில் வேறொன்றையும் பின்னால்தான் கவனித்தேன். கையில் இருந்ததைக் கொண்டு பெயர் வைத்திருக்கிறார்கள். கிடைத்த தொடையெலும்புகளில் ஒன்று ஏறக்குறைய 1.7 மீட்டர் நீளம். பெரியவர் ஒருவரை அதன் பக்கத்தில் நிறுத்தினால் இரண்டும் ஒரே உயரம். அதைப் பார்த்தவர்கள் 'பெரிய கால்' என்றார்கள். முகத்தைப் பற்றி அவர்கள் வாயே திறக்கவில்லை.

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்று கேட்டு வளர்ந்தவள் நான். முகம் தெரியாவிட்டால் ஆள் தெரியவில்லை என்றே மனம் முடிவு கட்டிவிடுகிறது. இந்த விலங்கில் அது தலைகீழ். ஜுராசிக்கின் முற்பகுதியில், ஏறக்குறைய 18, 19 கோடி ஆண்டுகளுக்கு முன், நீள்கழுத்து டைனோசர்கள் உருவத்தில் பெரிய மாற்றம் ஒன்றைக் கண்டுகொண்டிருந்தன. அவற்றுக்கு முந்தைய உறவினர்களில், ஜெர்மனியில் ஏராளமாகக் கிடைத்த பிளேட்டியோசாரஸை எடுத்துக்கொண்டால், அது பின்னங்கால்களில் நடந்தது. முன்னங்கைகள் பற்றிப் பிடிக்க உதவின. தொடையெலும்பு சற்றே வளைந்திருந்தது. பராபாசாரஸுக்கு நான்கும் கால்கள்தான். தொடையெலும்பு நிமிர்ந்து தூணாகிவிட்டது. இடுப்பைப் பாருங்கள்: பழைய உறவினர்களில் முதுகெலும்புத் தொடரின் மூன்று கணுக்கள் இடுப்போடு பிணைந்திருக்கும், இதில் நான்கு, பின்னால் வந்த பெரும் சௌரோபாடுகளில், அதாவது நான்கு காலில் நடந்த நீள்கழுத்து டைனோசர்களில், ஐந்து. மூன்று, நான்கு, ஐந்து. எடை கூடக் கூட, அதைத் தாங்கும் பிணைப்பிலும் ஒவ்வொரு கணுவாகச் சேர்ந்திருக்கிறது. 14 மீட்டர் நீளம், சாலையில் ஓடும் பஸ்ஸைவிட நீளம் என்று என் வரிகளில் எழுதியிருந்தேன்; அதை மாற்றவில்லை. ஆனால் இந்த விலங்கின் வரலாறு அதன் இடுப்பிலும் தொடையிலும்தான் எழுதப்பட்டிருக்கிறது என்பதை எழுதாமல் விட்டிருந்தேன். குழந்தைகளுக்கு அது புரியாது என்று நானே முடிவு செய்துவிட்டேன். மூன்று, நான்கு, ஐந்து என்று எண்ணத் தெரிந்த குழந்தைக்கு அதில் புரியாமல் போக என்ன இருக்கிறது?

வேறொருவரின் தலை

ஓவியரிடம் மறுநாள் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் பதறவில்லை. "அப்படியானால் உறவுக்காரர் முகத்தை வாங்கிப் போட்டுவிடலாம் அக்கா. எல்லோரும் அப்படித்தான் செய்திருப்பார்கள்" என்றார். அவர் சொன்னது உண்மை. இது மோசமான வழியும் இல்லை. சீனாவில் கிடைத்த ஷுனோசாரஸுக்கு முழு மண்டையோடுகள் உண்டு. அது நடு ஜுராசிக் காலத்தது. மொராக்கோவின் டாசூடாசாரஸ் காலத்தால் இன்னும் நெருக்கம், தாடையெலும்பு கிடைத்திருக்கிறது. இரண்டுக்கும் நடுவில் ஒரு முகத்தை ஊகித்து வரையலாம். கவனமான ஓவியர்கள் செய்வது இதைத்தான்.

எனக்கு ஏன் மனம் ஒப்பவில்லை என்றால், அமெரிக்காவில் நடந்த ஒரு கதை நினைவில் இருந்தது. 1909-ல் யூட்டா மாநிலத்தில் அபடோசாரஸ் என்ற நீள்கழுத்து டைனோசர் ஒன்றின் அருமையான எலும்புக்கூடு பிட்ஸ்பர்க்கின் கார்னகி அருங்காட்சியகத்துக்குக் கிடைத்தது. அதே குழியில், டிப்ளோடோகஸின் மண்டையோட்டைப் போன்ற நீண்ட மண்டையோடு ஒன்றும் இருந்தது. அருங்காட்சியகத்தின் இயக்குநர் வில்லியம் ஹாலண்ட் இதுதான் அதன் தலை என்று நம்பினார். ஆனால் அபடோசாரஸுக்குக் குட்டையான, கனத்த முகம் என்று அறிவுலகம் ஏற்கெனவே முடிவு செய்திருந்தது. நியூயார்க்கில் 1905-லேயே அப்படியொரு தலையைச் செதுக்கி மாட்டி ஊருக்கெல்லாம் காட்டிவிட்டார்கள். தன் நம்பிக்கையை உறுதி செய்யும்படி கழுத்தோடு பொருந்திய தலை ஹாலண்டுக்குக் கிடைக்கவில்லை. ஊர் சொன்ன தலையை மாட்டவும் அவருக்கு மனமில்லை. 1915-ல் அந்தப் பிரம்மாண்டமான எலும்புக்கூட்டைத் தலையில்லாமலே நிறுத்தினார். 1932-ல் அவர் இறக்கும் வரை அது அப்படியே நின்றது. அவர் போன பிறகு ஊர் சொன்ன தலையை மாட்டினார்கள். அது காமராசாரஸ் என்ற வேறொரு விலங்கின் முகம். 1970-களில் இருவர் பழைய குறிப்புகளையெல்லாம் புரட்டி ஹாலண்ட் சொன்னதே சரி என்று நிறுவினார்கள். 1979-ல்தான் சரியான தலை ஏறியது. அதுவரை அந்தக் கூடத்துக்கு வந்து அண்ணாந்து பார்த்த பிள்ளைகள் ஒரு தலைமுறைக்கும் மேல். அவர்கள் மனத்தில் பதிந்தது வேறொன்றின் முகம்.

ஹாலண்டின் அந்தப் பதினேழு ஆண்டுகளை நான் மிகவும் மதிக்கிறேன். பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டிருப்பார்கள், தலை எங்கே என்று. ஒவ்வொருவருக்கும் பதில் சொல்லியிருக்க வேண்டும். அந்தச் சிரமத்தை அவர் ஏற்றுக்கொண்டார்.

பற்கள் இருக்கின்றனவே, அவற்றை வைத்து வாயையாவது வரையலாமே என்பது ஓவியரின் அடுத்த யோசனை. கரண்டிபோல அகன்ற பற்கள், ஓரத்தில் சொரசொரப்பான சிறு முனைகள், பெரியதன் உயரம் 5.8 செ.மீ. தழையை உருவித் தின்பதற்கு ஏற்றவை. இங்கேயும் ஜிம்பாப்வே நாட்டு வல்கனோடானின் கதை என்னைத் தயங்க வைத்தது. 1972-ல் பெயரிடப்பட்ட அந்த விலங்குக்கும் தலை கிடைக்கவில்லை. எலும்புகளோடு கூர்மையான சில பற்கள் கிடந்தன. தாவர உண்ணிகளின் கூட்டத்தில் இறைச்சியும் தின்ற ஒன்றோ என்ற ஐயத்தை அவை கிளப்பின. பிறகுதான் தெரிந்தது, அவை அதன் பற்களே அல்ல. இறந்து கிடந்ததைக் கடித்துத் தின்ன வந்த ஊனுண்ணியின் பற்கள். தின்னவந்தவனின் பல்லைத் தின்னப்பட்டவனின் வாயில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். போச்சம்பள்ளிப் பற்கள் அப்படிப்பட்டவை இல்லை. அவற்றின் வடிவமே சௌரோபாடு என்று சொல்லிவிடுகிறது. ஆனாலும் மூன்று பற்களிலிருந்து முகத்தை எழுப்புவது, மூன்று செங்கற்களைப் பார்த்து வீட்டுக்கு வாசல் எந்தத் திசை என்று சொல்வதைப் போன்றது.

இந்த இடத்தில் அரியலூரைச் சொல்லாமல் போக முடியவில்லை. கல்லமேட்டில் கிடைத்த மிகப் பெரிய எலும்புகளுக்கு 1987-ல் யாதகிரியும் அய்யாசாமியும் புருஹத்காயோசாரஸ் என்று பெயரிட்டார்கள். அது காலத்தால் பல கோடி ஆண்டுகள் பிந்தியது. வெட்டி எடுத்த எலும்புகள் பிறகு பொடிந்து போயின. இன்று அதன் உருவத்தைப் பற்றிப் பேச எஞ்சியிருப்பவை வரைபடங்களும் சில நிழற்படங்களும்தான். அதே யாதகிரி அடுத்த ஆண்டு, கோட்டா படிவத்திலேயே தெலங்கானாவின் யாமன்பள்ளி அருகில் கிடைத்த இன்னொரு தொடக்க கால நீள்கழுத்து விலங்குக்குக் கோட்டாசாரஸ் என்று பெயரிட்டார். குறைந்தது பன்னிரண்டு விலங்குகளின் எலும்புகள். இன்று ஹைதராபாத்தின் பிர்லா அறிவியல் மையத்தில் நிற்கிறது. அதற்கும் தலை இல்லை. இரண்டு பற்கள் கிடைத்தன.

போச்சம்பள்ளியில் ஆறு, யாமன்பள்ளியில் பன்னிரண்டு. பதினெட்டு உடல்கள், ஐந்து பற்கள், ஒரு தலைகூட இல்லை. இதைத் தாளில் எழுதி வைத்துப் பார்த்தபோது, இது கைதவறித் தொலைந்த கணக்காக எனக்குப் படவில்லை.

கனமில்லாத தலை

அந்த முடிச்சு அவிழ்ந்தது ஓர் இரவில். போச்சம்பள்ளி எலும்புகள் கிடந்த விதத்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தேன். எலும்புகளோடு பெரிய மரத்தண்டுகளும் புதைந்து கிடந்தன. சில எலும்புகள் இன்னும் பொருத்தோடு இருந்தன, பெரும்பாலானவை கழன்று சிதறியிருந்தன. ஆராய்ந்தவர்கள் சொல்லும் விளக்கம் வெள்ளம். ஒரு கூட்டம் ஒன்றாகச் சாகிறது. வேரோடு பிடுங்கிய மரங்களையும் உடல்களையும் நீர் ஒரே இடத்தில் கொண்டுவந்து ஒதுக்குகிறது. ஆற்றங்கரையில் வெள்ளம் வடிந்த மறுநாள் எது எங்கே தங்கியிருக்கும் என்று பார்த்தவர்களுக்கு இது தெரியும்: கனமானது முதலில் தங்கும், லேசானது போய்விடும். 1.7 மீட்டர் தொடையெலும்பை வெள்ளம் எளிதில் நகர்த்தாது. சௌரோபாடின் மண்டையோடு வேறு விதம். மெல்லிய எலும்புக் கம்பிகளைக் கூட்டிக் கட்டிய கூடுபோன்றது. எலும்புகளுக்கு இடையிலான தையல்கள் தளர்வானவை. கழுத்தோடு அது பொருந்தும் இடமும் சிறியது, உறுதி குறைந்தது. தசை அழுகத் தொடங்கியதும் முதலில் கழன்று விழுவது அதுதான். விழுந்தால் உருளும், உருண்டால் உடையும். உலகம் முழுவதும் பெயர் சூட்டப்பட்ட சௌரோபாடுகளில் மண்டையோடு கிடைத்தவை குறைவு என்பதற்குக் காரணம் இதுவே.

சரி, வெள்ளம் கொண்டுபோய்விட்டது என்று புத்தகத்தை மூடியிருக்கலாம். ஆனால் அந்தத் தலை ஏன் அவ்வளவு லேசாக இருந்தது? யானையை நினைத்துக்கொண்டேன். யானையும் பெருந்தீனிக்காரத் தாவர உண்ணிதான். ஆனால் அது தின்பதையெல்லாம் வாயிலேயே அரைக்கிறது. அரைக்கக் கடைவாய்ப் பற்கள் வேண்டும், ஒவ்வொன்றும் செங்கல்லைவிடப் பெரிது. அவற்றைப் பதிக்கத் தடித்த தாடை வேண்டும், தாடையை அசைக்கப் பெரிய தசைகள் வேண்டும், அவை பற்றிக்கொள்ளப் பெரிய மண்டையோடு வேண்டும். அவ்வளவு கனத்தைத் தூக்கிப் பிடிக்கக் கழுத்து குட்டையாகத்தான் இருக்க முடியும். தலை தழையிடம் போக முடியாததால் தும்பிக்கை போகிறது.

நீள்கழுத்து டைனோசர்கள் வாயில் அரைப்பதையே விட்டுவிட்டன. பல்லின் வேலை உருவுவதும் கொய்வதும் மட்டும். மீதி வேலை முழுவதும் வயிற்றுக்கு. அகன்ற வயிற்றில் நாட்கணக்காகத் தழை ஊறிப் புளித்துச் செரித்தது. அரைக்காத வாய்க்குக் கடைவாய்ப் பற்களும் பெருந்தாடையும் தேவையில்லை. ஆகவே தலை சிறுத்தது, மெலிந்தது. தலை லேசானதால் கழுத்தால் நீள முடிந்தது. கழுத்து நீண்டதால், நின்ற இடத்தில் நின்றபடியே சுற்றிலும் மேலும் கீழும் இருந்த தழையையெல்லாம் எட்ட முடிந்தது. கனத்த உடலை ஒவ்வொரு கவளத்துக்கும் நகர்த்த வேண்டியதில்லை. அப்படித்தான் உடல் பெருத்தது, கால் தூணானது, இடுப்பில் ஒரு கணு கூடியது. பராபாசாரஸின் கழுத்து, முதுகு முள்ளெலும்புகளின் பக்கங்களில் ஆழமில்லாத குழிவுகள் இருக்கின்றன. பின்னால் வந்த வம்சத்தில் அவை ஆழமாகிக் காற்றறைகளாக மாறி, பிரம்மாண்டமான கழுத்துகளை லேசாக்கின. இதில் அது தொடக்க நிலை. களிமண்ணில் கட்டைவிரலை மெல்ல அழுத்தி எடுத்ததைப் போல.

படித்துக்கொண்டே வந்தவள் அப்படியே நிமிர்ந்து உட்கார்ந்தேன். எந்த லேசு அதன் கழுத்தை நீட்டியதோ, அதே லேசுதான் அதன் தலையை வெள்ளத்தோடு அனுப்பியிருக்கிறது. அந்த வயிறு, அந்தக் கழுத்து, அந்தக் காலோடு வாழ்ந்த விலங்குக்கு வெள்ளம் தாங்கும் தலை இருந்திருக்கவே முடியாது. யானை இறந்தால் அதன் மண்டையோடு கிடக்கும். இது இறந்தால் கால் கிடக்கும். நான் குறை என்று நினைத்துச் சங்கடப்பட்டுக்கொண்டிருந்த அந்த வெள்ளைத்தாள், அந்த உடலைப் பற்றி என் எட்டு வரிகளையும்விட அதிகம் சொல்லிக்கொண்டிருந்தது. அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. வெள்ளம் வடிந்த சேற்றில், சாய்ந்த மரங்களுக்கு நடுவே, தலையில்லாமல் கிடந்த அந்த ஆறு உடல்களையே நினைத்துக்கொண்டிருந்தேன். நான் ஒருமுறைகூடக் கண்டிராத அந்த முகங்களுக்காக உண்மையிலேயே துக்கமாக இருந்தது.

வெள்ளைத்தாள்

காலையில் ஓவியரை அழைத்து, கழுத்து முடிந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள், அப்படியே அச்சிடுவோம் என்றேன். ஹாலண்ட் செய்ததைப்போலச் செய்வோம் என்ற வேகம் எனக்கு. அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அதுவும் பொய்தானே அக்கா" என்றார். "எலும்புக்கூட்டைத் தலையில்லாமல் நிறுத்தலாம். அது கிடைத்ததைக் காட்டுவது. நான் வரைவது உயிரோடு நிற்கும் விலங்கை. அதற்குத் தலை இருந்தது. நமக்குத் தெரியாது, அவ்வளவுதான். தலையை வெட்டிப் போட்டதைப் போல வரைய என் கை வராது."

எனக்குப் பதில் இல்லை. இரண்டு வாரங்களாக நான் உருட்டிக்கொண்டிருந்த சிக்கலை அவர் இரண்டு வாக்கியத்தில் பிரித்து வைத்துவிட்டார். வேறொன்றின் முகத்தை மாட்டினால் தெரியாததைத் தெரியும் என்று சொன்னதாகும். கழுத்தை வெட்டிவிட்டால் இருந்ததை இல்லை என்று சொன்னதாகும். தொகுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர்களுக்கோ பொறுமை குறைந்துகொண்டிருந்தது. குழந்தைகளுக்கு ஒரு முகம் வேண்டும், ஏதோ ஒன்றை வரைந்து முடியுங்கள் என்று சொன்னார்கள். அவர்கள் சொன்னதிலும் நியாயம் இருந்தது. முகத்தைத்தான் குழந்தை முதலில் தேடும். தேடட்டுமே, தேடிவிட்டுக் கேட்கட்டுமே என்று நான் வாதாடினேன். கேட்டால் ஆசிரியர் என்ன பதில் சொல்வார் என்றார்கள். வெள்ளத்தைப் பற்றிச் சொல்வார், யானையைப் பற்றிச் சொல்வார் என்றேன். அதற்கு இடம் வேண்டுமே, எட்டு வரிதானே என்றார்கள்.

எட்டு வரிகளையும் அழித்துவிட்டுப் புதிதாக எழுதினேன். தாகூரின் பெயர் இருந்தது, போச்சம்பள்ளி இருந்தது, மூன்று நான்கு ஐந்து இருந்தது. வெள்ளத்துக்கு இரண்டு வரி, லேசான தலைக்கு இரண்டு வரி. சாந்தமான கண்கள் இல்லை.

நான்கு நாள் கழித்து ஓவியர் படத்தை அனுப்பினார். பக்கத்தின் முன்னால், கீழிருந்து மேலாக, நான்கு கால்கள். குழந்தை முதலில் மோதிக்கொள்வது அந்தத் தூண்களோடுதான். அவற்றின் இடைவெளியில் ஓர் ஆறு, நீர் கொஞ்சம் ஏறியிருக்கிறது. முதுகு நீண்டு, கழுத்தாகி, வளைந்து மேலே போய், ஊசியிலை மரம் ஒன்றின் அடர்ந்த கிளைகளுக்குள் நுழைந்துவிடுகிறது. தலை உள்ளே எங்கோ மேய்ந்துகொண்டிருக்கிறது. கிளைகள் அசைகின்றன, சில இலைகள் உதிர்கின்றன. அந்த அசைவை வைத்து, தலை இருக்கும் இடம் தெரிகிறது. அதன் வடிவம் தெரியவில்லை.

கீழ் ஓரத்தில் அவராகவே ஒன்று சேர்த்திருந்தார். மூன்று பற்கள், வரிசையாக. பெரியதை உண்மையான அளவிலேயே வரைந்திருந்தார், 5.8 செ.மீ. பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டு, "இங்கே உங்கள் விரலை வைத்துப் பாருங்கள்" என்று எழுத இடம் விட்டிருந்தார். அளவு சரிதானா என்று கேட்டு அதற்கு அடியில் பென்சிலில் குறித்திருந்தார். நான் அளவுகோலை எடுத்து வைத்து இரண்டு முறை அளந்தேன். சரியாக இருந்தது.